குற்றவாளி பேட்டரியா?



நம் மைசூரு ரயில் அருங்காட்சியகத்தைப் பார்க்காதவர்கள் இந்த இதழின் வாசகர்களில் இருக்க மாட்டார்கள். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை ஆகியவற்றோடு அதையும் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறோம். 1979 இல் தொடங்கப்பட்ட அந்தக் காட்சியகத்தில், 1899 ஆம் ஆண்டைச் சேர்ந்த மைசூர் மகாராணியின் சலூன் வண்டி நிற்கிறது. சமையல் கூடம், சாப்பிடும் இடம், கழிவறை என்று ஒரு வீட்டையே தூக்கிச் சக்கரத்தின் மேல் வைத்தது போல இருக்கும். அந்தக் காலத்தில் மகாராணிக்கு மட்டும் வாய்த்த வசதி இன்று நடுத்தரக் குடும்பங்களுக்கும் வர ஆரம்பித்திருக்கிறது. சினிமாப் படப்பிடிப்பில் நடிகர்களுக்கு நிறுத்துவார்களே, அந்த கேரவன் வண்டியைத்தான் சொல்கிறேன். கேரள அரசு 2021 இல் இதற்கென்றே ஒரு சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. நம் பிள்ளைகள் சிலரும் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, மின்விசிறி, சிறிய குளிர்பெட்டி, இன்வெர்ட்டர் எல்லாம் பொருத்தி, குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய் வருகிறார்கள். மகிழ்ச்சியான விஷயம்தான்.

ஆனால் இந்த வண்டிகளைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஒரே புலம்பல்தான் கேட்கிறது. "பேட்டரி நிற்கவே மாட்டேன் என்கிறது. மாற்றி மாற்றி அலுத்துவிட்டது." இந்தப் புலம்பலைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். சொல்வதற்கு முன் என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு இரவு

என் அக்காவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. நுரையீரல் நோய் காரணமாக இரவில் முகக்கவசம் மாட்டி, பைபாப் என்ற மூச்சுக் கருவியின் துணையோடுதான் தூங்குவார். கும்பகோணம் பக்கத்தில் எங்கள் குலதெய்வம் கோயில். அங்கே கொள்ளுப் பேரனுக்கு முடியிறக்க வேண்டும், தானும் கூட இருக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. ரயிலில் போனால் இரவு முழுவதும் கருவிக்கு மின்சாரம் வேண்டுமே என்று, அக்காவின் மூத்த மகன், அதாவது என் மருமகன், படுக்கை வசதி செய்த ஒரு பழைய டீசல் வேனை வாங்கினான். வண்டி ஓட்ட ஒரு பேட்டரி. வீட்டு உபயோகத்துக்கு 150 ஆம்பியர்-அவர் ட்யூபுலர் பேட்டரி ஒன்று தனி. வண்டி ஓடும்போது எஞ்சினில் உள்ள ஆல்டர்னேட்டர் இரண்டையும் சார்ஜ் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு.

மூன்று வருடத்தில் அந்த வீட்டு பேட்டரியை இரண்டு தடவை மாற்றினான். இரண்டாவது தடவை மாற்றுவதற்கு முன் எனக்குப் போன் செய்தான். "மாமா, ராத்திரி பன்னிரண்டு மணிக்கே இன்வெர்ட்டர் கத்துது. எலக்ட்ரீஷியன் பேட்டரி போயிடுச்சுன்னு சொல்றார். மாத்திடட்டுமா?" நான் சோபாவில் சாய்ந்தபடியே பதில் சொன்னேன்: "போயிருக்கும்டா. மாத்திடு."

வண்டியை நான் பார்க்கவில்லை. ஒரு அளவு எடுக்கச் சொல்லவில்லை. ரயில்வேயில் முப்பத்தாறு ஆண்டுகள் பெட்டிகளின் விளக்கையும் விசிறியையும் பேட்டரியையும் கவனித்துவிட்டு வந்தவன் சொன்ன பதில் அது. இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதன் பலன் போன வருடம் தெரிந்தது. குடும்பத்தோடு புறப்பட்டார்கள். வேலை முடித்து வர நேரமாகி, மாலை ஏழு மணிக்கு மேல்தான் மைசூருவை விட்டுக் கிளம்பினார்கள். திம்பம் மலைப்பாதை இரவில் மூடப்படும் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். நேரம் தப்பிவிட்டதால் சாமராஜநகரில் ஒரு பெட்ரோல் பங்கில் அனுமதி கேட்டு வண்டியை ஓரமாக நிறுத்திப் படுத்தார்கள். விடியற்காலை இரண்டு மணிக்கு இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்தது. அக்காவின் கருவியும் நின்றது. மூச்சுத் திணறி அவர் எழுந்து உட்கார்ந்ததும், மருமகன் பதறிப் போய் எஞ்சினை ஓடவிட்டான். விடியும்வரை எஞ்சின் உறுமிக் கொண்டே இருந்தது. காலையில் யாரும் கும்பகோணம் பக்கம் பேச்செடுக்கவில்லை. வண்டியைத் திருப்பிக் கொண்டு வீட்டுக்கே வந்து விட்டார்கள்.

வீட்டில் சண்டை. பெங்களூருவில் இருக்கும் இளைய மகன் போனில் அண்ணனைப் பிடித்துக் கொண்டான். "அம்மாவை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம், வண்டியை விற்று விடு" என்றான். மூத்தவன் பேட்டரி விற்றவரைத் திட்டினான். அக்கா யாரையும் எதுவும் சொல்லவில்லை. "எனக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்று மட்டும் சொன்னார். மூன்றாவது பேட்டரிக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. அப்போதுதான் நான் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

ரயில் பெட்டி கற்றுக் கொடுத்த பாடம்

மருமகனின் வண்டியைப் பற்றிச் சொல்வதற்கு முன் ரயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஓடும்போது மின்சாரம் உற்பத்தி செய்து, நிற்கும்போது பேட்டரியில் வாழும் வீடு என்பது கேரவனுக்கு மட்டும் உரியதல்ல. ரயில் பெட்டி நூறு வருடத்துக்கு மேலாக அப்படித்தான் வாழ்ந்து வந்திருக்கிறது.

நான் டிப்ளமா முடித்து வேலையில் சேர்ந்தபோது மைசூரு மீட்டர் கேஜ் பாதை. பெட்டிகளில் 24 வோல்ட் மின்சாரம். பெட்டியின் அடியில் டைனமோ இருக்கும். சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டு அதைச் சுற்ற வைப்பார்கள். பின்னர் அகல ரயில் பாதை வந்தது. 110 வோல்ட், ஆல்டர்னேட்டர், அதன் மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கிக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் எல்லாம் வந்தன. இப்போது எல்.எச்.பி. ரயில்கள் பலவற்றில் எஞ்சினிலிருந்தே 750 வோல்ட் மின்சாரம் பெட்டிகளுக்கு வருகிறது. ஆனால் அச்சும் பெல்ட்டும் பேட்டரியும் சேர்ந்த அந்தப் பழைய ஏற்பாடுதான் எனக்கு வாத்தியார்.

ரயில் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஓடினால்தான் ஆல்டர்னேட்டர் வேலை செய்யும். ஸ்டேஷனில் நிற்கும்போது விளக்கு எரிவது பேட்டரியின் தயவில். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிற்கும் பாசஞ்சர் வண்டியில் செலவு அதிகம், வரவு குறைவு. வரவு செலவுக் கணக்கு சரியாக இல்லாத குடும்பம் போல, பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகக் கடனில் மூழ்கும். ஒரு நாள் இரவு விளக்கு மங்கும். பயணிகள் புகார் எழுதுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு பெட்டி திரும்பத் திரும்பப் புகாரோடு வந்தது. நான் பேட்டரியை மாற்றக் குறிப்பு எழுதினேன். பத்து நாளில் அதே பெட்டி, அதே புகார். மறுபடியும் பேட்டரி. மூன்றாம் தடவை எழுதப் போனபோது, எங்கள் பிரிவில் இருந்த ஒரு வயதான மிஸ்திரி சிரித்தார். பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். "தம்பி, பசியால் மயங்கிக் கிடப்பவனைச் செத்துவிட்டான் என்று தூக்கிக் கொண்டு போகிறீர்கள். சோறு வருகிற வழியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். கீழே இறங்கிப் பார்த்தோம். பெல்ட் தொய்ந்து வழுக்கிக் கொண்டிருந்தது. அதை இறுக்கி அனுப்பினோம். அந்தப் பெட்டி பிறகு புகாரோடு வரவில்லை.

நோயைப் பார், நோய் வந்த காரணத்தைப் பார், அது தணியும் வழியைப் பார், பிறகு செய் என்று வள்ளுவர் மருத்துவருக்குச் சொன்னதை அந்த மிஸ்திரி எலக்ட்ரீஷியனுக்குச் சொன்னார். நான் முப்பத்தாறு வருடம் அதைக் கடைப்பிடித்துவிட்டு, சொந்த மருமகன் விஷயத்தில் மறந்து போனேன்.

வண்டியில் கண்டது என்ன?

முதலில் பேட்டரியின் இணைப்புகளைக் கழற்றி, சில மணி நேரம் ஓய்வாக விட்டு வோல்டேஜ் பார்த்தேன். 12.1 இருந்தது. ஈய-அமில பேட்டரிக்கு ஓய்வு நிலையில் 12.7 இருந்தால் முழு வயிறு என்று பொருள். 12.2 என்றால் பாதி வயிறு. 11.8 க்கு வந்துவிட்டால் பட்டினி. ஆக, இது பாதிக்கும் கீழே. பிறகு ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்களிலும் அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்தேன். ஆறிலும் 1.170 க்கும் 1.180 க்கும் இடையில். இதுதான் முக்கியமான சாட்சி. ஒரு செல் கெட்டுப்போயிருந்தால் அது மட்டும் மற்றவற்றை விட்டுத் தனியாகத் தாழ்ந்து நிற்கும். ஆறும் ஒன்றாகத் தாழ்ந்திருந்தால், பெரும்பாலும் அது மரணம் அல்ல, பசி.

இரண்டாவதாக, இணைப்பைத் திரும்பக் கொடுத்து எஞ்சினை ஓட்டச் சொன்னேன். முன்னால் ஆல்டர்னேட்டர் முனையில் 14.2 வோல்ட். நன்றாகவே இருந்தது. பின்னால் வீட்டு பேட்டரியின் முனையில் 13.1 தான். நடுவழியில் 1.1 வோல்ட் காணாமல் போயிருந்தது. கிளாம்ப் மீட்டரில் ஓடிய மின்சாரம் 20 ஆம்பியர்.

நஷ்டம் எங்கே என்று கண்டுபிடிக்க மீட்டரின் ஒரு முனையை முன்னால் உள்ள பாசிட்டிவிலும், மறு முனையை நீண்ட வயரால் பின்னால் உள்ள பாசிட்டிவிலும் வைத்தேன். அரை வோல்ட் காட்டியது. காரணம் எளிது. வண்டியை மாற்றியமைத்தவர் 6 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தார். அந்த நீளத்துக்கும் கனத்துக்கும் கணக்குப் போட்டாலும் 20 ஆம்பியரில் அரை வோல்ட்தான் வருகிறது. வீட்டில் 230 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது பெரிய கொள்ளை.

மீதி 0.6 வோல்ட் எர்த் பக்கம். பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் சட்டத்தில் ஒரு போல்ட்டில் இணைத்திருந்தார்கள். பெயிண்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். தொட்டால் அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. 20 ஆம்பியரை 0.6 வோல்ட்டால் பெருக்கினால் 12 வாட். பேட்டரிக்குப் போக வேண்டிய மின்சாரம் ஒரு போல்ட்டைச் சூடாக்கிக் கொண்டிருந்தது.

ட்யூபுலர் பேட்டரி முழுதாக நிரம்ப 14.2 லிருந்து 14.4 வோல்ட் வரை பல மணி நேரம் கிடைக்க வேண்டும். 13.1 இல் அது ஒரு நாளும் நிரம்பாது. நிரம்பாத பேட்டரியைத் திரும்பத் திரும்பச் செலவழித்தால், தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிப் போகும். அப்புறம் நிஜமாகவே அது செத்துவிடும். முந்தைய இரண்டு பேட்டரிகளும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். பேட்டரி போய்விட்டது என்று எலக்ட்ரீஷியன் சொன்னதும் பொய் இல்லை, போனது உண்மை. ஏன் போனது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாவதாக இன்னொன்றும் கண்டேன். வண்டி வீட்டு வாசலில் வாரக் கணக்கில் நிற்கும்போதும் இன்வெர்ட்டர் 'ஆன்' நிலையிலேயே இருந்தது. ஒன்றும் ஓடாவிட்டாலும் அது தன் செலவுக்கு 1 ஆம்பியர் எடுத்துக் கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-அவர். ஆறு நாளில் 150 ஆம்பியர்-அவர் பேட்டரி காலி. வெளியூர் புறப்படும் அன்று பேட்டரி ஏற்கெனவே வெறும் வயிற்றோடுதான் கிளம்பியிருக்கிறது.

பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் தனித்தனியாக 25 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டோம். பாசிட்டிவ் கேபிளின் இரு முனையிலும் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்தோம். எர்த் இடத்தைப் பளபளவென்று சுரண்டிப் பிறகு இறுக்கினோம். இன்வெர்ட்டருக்கு ஒரு ஸ்விட்ச் போட்டோம். பழைய பேட்டரியையே வீட்டில் சார்ஜர் போட்டு இரண்டு நாள் மெதுவாக ஏற்றினேன். ஆறு செல்களும் 1.240 க்கு மேல் வந்தன. எல்லாச் செலவும் சேர்ந்து புது பேட்டரி விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. முன்பணத்தைத் திரும்ப வாங்கிக் கொண்டான்.

எஞ்சினை ஓடவிட்டால் போதாதா?

சிலர் கேட்கிறார்கள். "பேட்டரி இறங்கினால் என்ன சார், எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டால் போகிறது!"

இதற்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை என்ற இடத்தில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனில் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே புகுந்ததே காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கண்டறிந்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொண்டு போய்விடும். சாமராஜநகரில் அந்த இரவு டீசல் நாற்றம் தாங்கவில்லை என்று அக்கா முணுமுணுத்ததால் ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். கொசு வருகிறது என்று அடைத்திருந்தால்? இதை மருமகனிடம் நான் சொன்னபோது அவன் முகம் மாறியது. அதற்குப் பிறகு தம்பியோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டான்.

ஆகவே, சார்ஜ் ஏறாத பேட்டரி என்பது வெறும் பணச் செலவு அல்ல. அது மனிதரை ஆபத்தான குறுக்கு வழிக்குத் தள்ளுகிறது. ஆட்கள் தூங்கும் வண்டியில் எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடக்கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கை அருகில் கட்டாயம் மாட்டுங்கள்.

"லித்தியம் போட்டால் சரியாகிவிடும்"

இது இரண்டாவது மறுப்பு. லித்தியம் பேட்டரி நல்லதுதான். எடை குறைவு, பல வருடம் உழைக்கும். ஆனால் சோறு வரும் வழி அடைத்திருந்தால் விருந்தாளியை மாற்றி என்ன பயன்? சொல்லப்போனால் ஆபத்து கூடுகிறது. ஈய பேட்டரி நிரம்ப நிரம்பத் தானே மின்சாரம் வாங்குவதைக் குறைத்துக் கொள்ளும். லித்தியம் கிட்டத்தட்ட நிரம்பும்வரை வாரி வாரி இழுக்கும். மெல்லிய வயர் சூடாகும். ஆல்டர்னேட்டரும் சூடேறிப் பழுதாகலாம். லித்தியம் போடுகிறவர்கள் நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் என்ற கருவியைப் போட்டு, மின்சாரத்தை அளவாகக் கொடுக்க வேண்டும்.

புது வண்டி வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ்-6 விதி வந்த பிறகு, சில வண்டிகளில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரின் வோல்டேஜை ஏற்றி இறக்குகிறது. ஓட்டும் பேட்டரி நிரம்பியதும் வோல்டேஜைத் தாழ்த்திவிடும். பின்னால் இருக்கும் வீட்டு பேட்டரி பட்டினி கிடப்பது அதற்குத் தெரியாது. இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் சாதாரண ரிலே, வோல்டேஜ் தாழ்ந்தால் பிரிந்துவிடும். அங்கேயும் டி.சி.-டி.சி. சார்ஜர்தான் வழி. இதை அறியாமல் பேட்டரியை மாற்றினால், அடுத்த வருடம் மறுபடியும் மாற்ற வேண்டியதுதான்.

கூரையில் சோலார் பலகை போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மரத்தடியில் நிறுத்தினால் அது வேலை செய்யாது. ஒரு மூலையில் விழும் நிழல்கூட உற்பத்தியை வெகுவாகக் குறைக்கும்.

நம்மால் செய்ய முடிந்தது

வேன் இல்லாதவர்கள் இது நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். உங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கும் இதே கதைதான். நான் சொல்வது நான்கே காரியங்கள்.

முதலாவது, மின்சாரக் கணக்கு. அக்காவின் கருவிக்கு 40 வாட். எட்டு மணி நேரத்துக்கு 320. அதை 12 ஆல் வகுத்தால் சுமார் 27 ஆம்பியர்-அவர். விசிறி, விளக்கு, இன்வெர்ட்டர் நஷ்டம் எல்லாம் சேர்த்து 50 என்று வைத்துக் கொள்ளலாம். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக்கூடாது. 150 இல் பாதி 75. ஆக, நிரம்பிய பேட்டரி தாராளமாகப் போதும். மளிகைக் கணக்கு எழுதத் தெரிந்த யாருக்கும் இந்தக் கணக்கு வரும்.

இரண்டாவது, ஒரு மீட்டர். ஆயிரம் ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். ஓய்வில் ஒரு அளவு, எஞ்சின் அல்லது சார்ஜர் ஓடும்போது பேட்டரி முனையில் ஒரு அளவு, ஆல்டர்னேட்டர் முனையில் ஒரு அளவு. இந்த மூன்றே போதும், குற்றவாளி யார் என்று பாதி தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம். ரயில்வேயில் ஒவ்வொரு பெட்டிக்கும் பதிவேடு உண்டு. மாதம் ஒரு தடவை தேதி போட்டு வோல்டேஜும், அமில அடர்த்தியும், ஊற்றிய தண்ணீரும் எழுதுங்கள். இன்றைய அளவை விட, போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையைச் சொல்லும்.

நான்காவது, ஜாக்கிரதை. சார்ஜ் ஆகும் ஈய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் தீக்குச்சி, ஊதுபத்தி கூடாது. வேலை செய்யும்போது மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். கண்ணாடி அணியுங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். நிஜமாகவே ஆயுள் முடிந்த பேட்டரியைத் தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். விற்ற கடையிலேயே திரும்பக் கொடுங்கள். 2001 லேயே இதற்கு விதிகள் வந்தன. 2022 இல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. சந்துக்குள் ஈயத்தை உருக்கினால் அந்தப் புகை போய்ச் சேர்வது குழந்தைகளின் இரத்தத்தில்.

என் கருத்து

பிழைப்பைத் தேடி நம் முன்னோர் இந்த ஊர்ப் பக்கம் வந்தபோது கையோடு கொண்டு வந்தது தொழில் அறிவு. 1902 இல் சிவனசமுத்திரத்திலிருந்து கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் போனபோது அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் எத்தனை பேர் தமிழர்கள்! ரயில்வேயில் எத்தனை பேர்! ஒரு இயந்திரம் நின்றால் அதைக் கழற்றிப் பார்க்காமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. அவர்கள் பேரப் பிள்ளைகள் இன்று நன்றாகப் படித்து நல்ல பதவிகளில் இருக்கிறார்கள். ஆனால் வீட்டில் ஒன்று பழுதானால், யாரையாவது குற்றம் சொல்லிவிட்டுப் புதிதாக வாங்குவதோடு வேலை முடிந்துவிடுகிறது. இளைஞர்களை மட்டும் சொல்லவில்லை; சோபாவில் சாய்ந்தபடி "மாத்திடு" என்று சொன்ன கிழவனையும் சேர்த்தே சொல்கிறேன்.

குற்றம் சாட்டுவது வேறு, குறையைக் கண்டுபிடிப்பது வேறு. முதலாவதற்கு வாய் போதும். இரண்டாவதற்குக் கீழே குனிய வேண்டும், கையை அழுக்காக்க வேண்டும், அளந்து பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஒரு வாரம் அண்ணன் தம்பியைக் குற்றம் சொன்னான், தம்பி அண்ணனைச் சொன்னான், இருவரும் கடைக்காரரைச் சொன்னார்கள். குறை இருந்ததோ ஒரு போல்ட்டின் அடியில், பெயிண்ட் பூச்சுக்குள்.

நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் இடம் கொடுங்கள். மீட்டர் பிடிக்கவும், பேட்டரி பார்க்கவும், ஃபியூஸ் போடவும் பிள்ளைகளுக்கும், முக்கியமாகப் பெண்களுக்கும், நான் சொல்லித் தருகிறேன். கட்டணம் வேண்டாம். என்னைப் போல ஓய்வு பெற்ற கைகள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன. அவர்களும் வருவார்கள்.

கடைசியாக ஒரு செய்தி. இந்தத் தை மாதம் அக்கா கும்பகோணம் போய் வந்தார். நானும் உடன் போனேன். இந்தத் தடவை பகலிலேயே திம்பம் இறங்கிவிட்டோம். ஊர் போய்ச் சேர்ந்த இரவு, கோயில் மைதானத்தில் வண்டியை நிறுத்திப் படுத்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மீட்டரை வைத்துப் பார்த்தேன். 12.4 இருந்தது. அக்கா நன்றாகத் தூங்கிக் கொண்டிருந்தார். நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிவிட்டு நானும் போய்ப் படுத்தேன்.